பச்சையம்மாளின் தாத்தன் நடித்த படம்

பச்சையம்மாளை எனக்குப் பிடிக்காது. அவளுக்கும் என்னைப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் யாரோ புண்ணியவதியின் கதை என்று நினைத்துக்கொண்டு கண்ணைத் துடைத்தபடி படிக்க உட்கார்ந்துவிடுவீர்கள்.

என் பெயர் திருஞானசம்பந்தம். காஞ்சிபுரத்தில் ஒரு சர்க்கார் ஆபீஸ் வாசலில், வேப்பமரத்தடியில், தட்டச்சு மெஷின் வைத்து மனு எழுதிக் கொடுப்பவன். எங்கள் தெருவில் எல்லோருக்கும் தறி. எனக்கு மட்டும் முதுகுவலி, அதனால் தட்டச்சு. எந்த ஆபீஸ் என்று சொல்லமாட்டேன். சொன்னால் நாளைக்கே மரத்தடியில் என் மேஜை இருக்காது.

2003 ஜூலை மாதம் ஒரு நாள் பச்சையம்மாள் வந்து நின்றாள். வணக்கம் கிடையாது, ஐயா கிடையாது.

"மொதலியாரே, எஸ்.டி. சர்ட்டிபிகேட்டுக்கு ஒண்ணு எழுது."

எனக்குச் சுருக்கென்றது. இருபது வருஷமாக ஊரே என்னை ஐயா என்று கூப்பிட்டுக்கொண்டிருக்க, இவள் கடன் கொடுத்தவள் மாதிரி நிற்கிறாள். நாற்பது, நாற்பத்திரண்டு வயதிருக்கும். வலது கன்னத்தில் வெந்த தழும்பு. பின்னால் அவள் மகள் சங்கீதா, மார்க் ஷீட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தது. பிளஸ் டூவில் ஆயிரத்துக்கு மேல். சர்க்கார் நர்ஸ் படிப்புக்கு விண்ணப்பம் போட்டிருந்தது. ஆகஸ்ட் நாலாம் தேதி கவுன்சிலிங். அன்றைக்குக் கையில் சாதிச் சான்றிதழ் இருந்தால் சீட்டு, இல்லாவிட்டால் அம்மாவோடு விறகு வெட்டப் போகவேண்டியதுதான்.

மனு எழுத வருகிறவர்களுக்கு டீ வாங்கித் தருவது என் வழக்கம். எதிர்க்கடையில் குரல் கொடுத்தால் வந்துவிடும். எனக்குக் கண்ணாடி கிளாஸ். வருகிறவர்களில் சிலருக்குக் கண்ணாடி கிளாஸ், சிலருக்குப் பிளாஸ்டிக் கப். யாருக்கு எது என்று நான் கடைக்காரரிடம் சொன்னதில்லை, அவரும் கேட்டதில்லை. பச்சையம்மாளுக்குப் பிளாஸ்டிக் கப் வந்தது. அவள் அதைப் பார்த்தாள், என் கிளாஸைப் பார்த்தாள், பிறகு குடித்தாள்.

மனுவுக்காகக் கேட்டதில் அவள் கதை கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. இருளர் சாதி. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற திருமுக்கூடல் பக்கம், ஆற்றங்கரையில் குடிசை. அப்பன் பாம்பு பிடித்துத் தோல் விற்றவன். தோல் விற்கக் கூடாது என்று சட்டம் வந்ததும் முன்பணம் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு ஓர் அரிசி ஆலைக்குள் போனார்கள். போவதற்குத்தான் கதவு இருந்தது, வருவதற்கு இல்லை. அங்கேயே வயதுக்கு வந்து, அங்கேயே கல்யாணம், அங்கேயே சங்கீதா பிறந்தது. நெல் அவிக்கிற தொட்டி ஒரு நாள் சீறியதில் புருஷன் போனான், இவளுக்குக் கன்னம் போனது. தொண்ணூற்று மூன்றில் அதிகாரிகள் வந்து ஆலைக் கதவைத் திறந்துவிட்டார்கள். "தொறந்து வுட்டவரு எனக்கு ஒரு பொடவை குடுத்தாரு. நான் அதெல்லாம் வாணாம், எம் பொண்ண இஸ்கூல்ல சேத்துவுடுன்னேன்" என்றாள். அந்த வார்த்தைக்காக அவளை எனக்குப் பிடித்திருக்கவேண்டும். பிடிக்கவில்லை. அதைச் சொல்லும்போதும் அவள் குரலில் சண்டை இருந்தது.

மனுவை எடுத்துக்கொண்டு மூன்று பேரும் அதிகாரியின் அறைக்குப் போனோம். அவர் மனுவைப் படிக்கவில்லை, பச்சையம்மாளை ஏற இறங்கப் பார்த்தார்.

"இருளர்னா பாம்பு பிடிப்பீங்களாமே. போய் ஒண்ணு பிடிச்சுக்கினு வா. பாத்துட்டுக் கையெழுத்துப் போடறேன்."

நான் சிரித்தேன். அதிகாரி வேடிக்கை பேசினால் சிரிப்பது என் தொழில். பச்சையம்மாள் சிரிக்கவில்லை.

"அய்யரு வூட்டுப் புள்ள வந்து சர்ட்டிபிகேட் கேட்டா மணி ஆட்டிக் காட்டச் சொல்லுவியா சார்? சரி, புடிச்சாந்து இங்கியே அவுத்து வுடறேன். மொதல்ல நீ ஓடறதுக்கு ரூம்புல இன்னொரு கதவு இருக்குதா பாத்துக்கோ."

அதிகாரியின் முகம் கறுத்தது. பாம்பு பிடித்தால் வனத்துறை உள்ளே வைக்கும், பிடிக்காவிட்டால் இவர் சான்றிதழ் தரமாட்டார். இதை அவரிடம் எடுத்துச் சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை. அவர் மனுவைத் தூக்கி மேஜைக்கு இந்தப் பக்கம் எறிந்தார்.

"உன் தாத்தன் இருளர்னு ஒரு ஆதாரம் கொண்டா. பத்திரம், பள்ளிக்கூட ரெக்கார்டு, ஏதாவது. வாய் இருந்தா சாதி ஆயிடாது."

ஆற்றங்கரையில் எலி பிடித்துத் தின்றவனுக்கு ஏது பத்திரம், ஏது பள்ளிக்கூடம்? சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பது இதுதான். வெளியே வந்ததும் நான் அவள்மேல் பாய்ந்தேன். "நாக்கை அடக்கியிருந்தா இந்நேரம் வேலை முடிஞ்சிருக்கும்."

"அடக்கித்தான் பதினாறு வருசம் ஆலைக்குள்ள கெடந்தேன்" என்றாள். பிறகு ஏதோ நினைவு வந்தவளாக, "எங்க தாத்தன் படத்துல நடிச்சிருக்கான். அது ஆதாரம் ஆவாதா?" என்று கேட்டாள்.

நான் வாய்விட்டுச் சிரித்தேன். அவள் தாத்தன் காத்தான், வெள்ளைக்காரன் காலத்தில், திருமுக்கூடலுக்கு வந்து படம் பிடித்த ஓர் ஐயங்காரின் படத்தில் நடித்தானாம். பேச்சில்லாத படம். இவளுக்குப் பன்னிரண்டு வயது ஆகும்வரை அந்தக் கிழவன் உயிரோடிருந்து தினம் அந்தக் கதையைச் சொல்வானாம். "ஆமா, எங்க தாத்தன் ஏரோப்ளேன் ஓட்டினாரு" என்றேன்.

அடுத்த வாரம் பேப்பரில் அரைப்பக்கச் செய்தி. 'பாலாற்று வேடன்', 1929இல் காஞ்சிபுரத்துக்காரர் ஒருவர் எடுத்த மௌனப்படம். தொலைந்ததாக நினைத்த பிலிம் சின்ன காஞ்சிபுரத்து வீட்டுப் பரணில் கிடைத்து, அவர் பேரன் ஸ்ரீவர்தன் அதைப் புதுப்பித்திருக்கிறார். இருளர் வாழ்க்கையைக் காட்டும் படம். இருபத்தேழாம் தேதி ஞாயிற்றுக்கிழமை கல்யாண மண்டபத்தில் திரையிடல், தலைமை நம் அதிகாரி. நான் பேப்பரை மடித்து வைத்துவிட்டுப் பச்சையம்மாளுக்கு ஆள் அனுப்பினேன். நல்ல மனதால் அல்ல. என் சிரிப்பு தப்பென்று அவள் வேறு யார் மூலமாகவோ தெரிந்துகொள்வதை என்னால் சகிக்க முடியாது.

சின்ன காஞ்சிபுரத்தில் அந்த வீட்டுக்குப் போனோம். வீட்டுக்காரர் பாச்சா, படம் எடுத்தவரின் மகன், ரிட்டையர்டு தலைமையாசிரியர். நெற்றி நிறையத் திருமண். அவர் மகன்தான் ஸ்ரீவர்தன், முப்பது வயது, வெளிநாட்டில் பிலிம் புதுப்பிக்கிற படிப்புப் படித்துவிட்டு வந்தவன். விஷயத்தைக் கேட்டதும் பையனுக்குக் கண் மின்னியது. "உள்ள வாங்கோ" என்று வாயைத் திறந்தவனை அப்பா ஒரு பார்வை பார்த்தார். கடைசியில் நாங்கள் உள்ளே போகவில்லை, கம்ப்யூட்டர்தான் வாசலை ஒட்டின ரேழிக்கு வந்தது. எனக்கு நாற்காலி போட்டார்கள். பச்சையம்மாள் தரையில் உட்கார்ந்தாள். நான் நாற்காலியில் வசதியாகச் சாய்ந்துகொண்டேன்.

"நைட்ரேட் பிலிம் சார். பழசானா பிசின் மாதிரி ஒட்டிண்டுடும், அப்புறம் பொடியாயிடும். எட்டு ரீல்ல அஞ்சுதான் மிஞ்சித்து" என்றான் ஸ்ரீவர்தன். ஓரத்து ஓட்டைகள் கிழிந்திருந்ததை ஒவ்வொன்றாக ஒட்டி, பம்பாயில் ஒரு லேபில் கட்டம் கட்டமாகப் படியெடுத்து, கீறல் துடைக்க இரண்டு வருஷம் ஆனதாம். நடுவில் கதை சொல்லும் எழுத்து அட்டைகள் எல்லாம் போய்விட்டன, அவற்றை மட்டும் தாத்தாவின் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்துப் புதிதாக எழுதிச் சேர்த்தானாம். அறுந்த இழையைத் தேடிப் பிணைக்கிற வேலை எங்கள் வீட்டில் தலைமுறையாக நடப்பது. எனக்கு அவன்மேல் மரியாதை வந்தது.

படம் ஓடியது. முதல் அட்டையிலேயே என் கண் நின்றது. 'இருளராகத் தோன்றுவோர் பட்டணத்து நாடக சபை நடிகர்கள்.' பச்சையம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. நான் வாயைத் திறக்கவில்லை.

ஆறு வந்தது. மணல், நாணல். இடுப்பில் துண்டு கட்டிய ஒருவன் வரப்போரம் குந்தி உட்கார்ந்து, ஓட்டைப் பானையில் வைக்கோலைக் கொளுத்தி, பானையின் வாயை எலி வளையில் வைத்து ஓட்டை வழியாகப் புகை ஊதினான். பானையைப் பிடித்த இடது கையில் நடுவிரல் பாதிதான் இருந்தது.

"தாத்தா!" என்று பச்சையம்மாள் எழுந்தேவிட்டாள். தழும்புக் கன்னம் துடித்தது. அந்த முரட்டு முகம் குழந்தை முகமாக ஆனதை அன்றைக்கு ஒரு முறைதான் பார்த்தேன். "கட்டுவிரியன் கடிச்சி, அவனே வெட்டிப் போட்ட வெரலு. தோ, இன்னா பண்றான் பாரு. ஆறு வளைய அடைச்சிட்டான், ஒண்ண வுட்டுட்டான். அல்லாத்தையும் அடைச்சா பொகை உள்ள போவாது. பாத்தியா மொதலியாரே, ஏரோப்ளேன் ஓட்டறான் எங்க தாத்தன்!"

அப்போதுதான் அட்டையைப் படித்துச் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்க முடியாது.

அவள் மெதுவாகப் பாச்சா பக்கம் திரும்பினாள். "நாடகக்காரனா? நாடகக்காரனுக்கு எந்த வளைய வுடணும்னு எப்பிடிபா தெரியும்?"

"எங்கப்பா கைப்பட எழுதியிருக்கார். அதுக்கு மேலே பேச்சில்லே" என்றார் பாச்சா.

ஸ்ரீவர்தன் நோட்டுப் புத்தகத்தைக் காட்டினான். மங்கின மை. 'இதில் இருளராகத் தோன்றுவோர் யாவரும் பட்டணத்து நாடக சபை நடிகர்கள். மை பூசி வேஷம் கட்டினர். இருளர் எவரையும் யான் தொட்டதுமில்லை, அவர் கைப்பட்டது எதையும் உண்டதுமில்லை. இது சத்தியம்.'

இருபது வருஷம் மனு எழுதினவனுக்கு ஒரு மூக்கு உண்டு. படக்கதை எழுதுகிற நோட்டில் எவனாவது சத்தியம் செய்வானா? யாரோ கேட்டிருக்கிறார்கள், இவர் வாக்குமூலம் கொடுத்திருக்கிறார், அதன் நகல் இது. அதைச் சொல்லிவிட்டேன்.

பச்சையம்மாள் சொன்னாள்: "தொட்டதில்லையா? தின்னதில்லையா? படம் புடிக்கும்போது அந்த சாமிய பாம்பு கடிச்சிது. எங்க தாத்தனோட அக்கா பச்சிலைய வாயில மென்னு, அந்த எச்சிலோட அவரு வாயில வெச்சா. எங்க தாத்தன் சாவுறவரைக்கும் சொல்லிக்கினு இருந்தான்."

ஸ்ரீவர்தனின் முகம் வெளுத்தது. "அப்பா, அந்தத் துண்டு ரோல்... கதையில் சேரலேன்னு நாம எடுத்து வெச்சோமே..."

பாச்சா எழுந்து போய்ச் சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினார். திரை கறுத்தது. பிளக்கைக் கையில் பிடித்தபடியே சொன்னார்: "கோயில் கோஷ்டியிலே நின்னு பாசுரம் சேவிக்கிற பரம்பரை இது. இருளரோட சேர்ந்துட்டார்னு ஆறு மாசம் எங்கப்பாவை வெளியே நிறுத்தி வெச்சா. பெருமாள் முன்னாடி சத்தியம் பண்ணி உள்ளே போனார். அவரைப் பொய்யர்னு எழுத நான் பிள்ளையா பொறக்கலே. போங்கோ ரெண்டு பேரும்."

பையன் தலையைக் குனிந்துகொண்டான். இரண்டு வருஷம் ஓட்டை ஒட்டின கை, அப்பனுக்கு முன்னால் மடியில் கிடந்தது.

படத்தில் பார்த்த விரலையாவது சொல்லிப் பார்க்கலாம் என்று மறுநாள் அதிகாரியிடம் போனோம். அதற்குள் அழைப்பிதழோடு படக்கதைப் புத்தகமும் அவர் மேஜைக்கு வந்திருந்தது. நாடக நடிகர்கள் என்ற வரிக்கு அடியில் சிவப்பு மையால் கோடு போட்டிருந்தார்.

"நாடகக்காரன் பேத்தி இருளர் சர்ட்டிபிகேட் கேக்குதா? பொய் ஆதாரம் காட்டினதா எழுதிப் போலீஸுக்கு அனுப்பட்டுமா?" என்று கேட்டுவிட்டு, என்னைப் பார்த்து, "நீயும்தான் சம்பந்தம்" என்றார். ஆதாரம் தேடப்போய், இல்லை என்பதற்கு ஆதாரம் கொண்டுவந்து கொடுத்ததுதான் மிச்சம். சங்கீதா வாசலில் நின்று அழுதது. நான் பச்சையம்மாளிடம், "ஞாயித்துக்கிழமை அந்தப் பக்கம் வராதே. வந்தா உள்ள வெச்சுடுவாங்க" என்று சொன்னேன்.

ஞாயிறு மாலை மண்டபம் நிறைந்திருந்தது. மேடையில் அதிகாரி சந்தன மாலையோடு. பேசாத படத்துக்கு வாசிக்க ஆர்மோனியமும் மிருதங்கமும். நான் பின்வரிசையில் ஒரு தூணுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். தூண் போதுமான அளவு பருமன் என்று பார்த்துத்தான் உட்கார்ந்தேன்.

விளக்கணைந்து முதல் அட்டை வந்தது. 'இருளராகத் தோன்றுவோர்...'

"பொய்யி!"

நடுவரிசையில் பச்சையம்மாள் நின்றாள். பக்கத்தில் சங்கீதா அவள் முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. ஆர்மோனியம் நின்றது. யாரோ விளக்கைப் போட்டார்கள். பாச்சா மேடை ஓரத்திலிருந்து, "அந்தப் பொம்மனாட்டியை வெளியே அனுப்புங்கோ" என்று கத்தினார். இரண்டு பேர் அவளை நோக்கிப் போனார்கள்.

"தொடாதே! அப்புறம் இந்தப் படம் எடுத்த சாமி மாதிரி தொடலன்னு சத்தியம் பண்ண வேண்டியிருக்கும்" என்றாள். போனவர்கள் நிஜமாகவே நின்றுவிட்டார்கள். அவள் முழுக்கதையையும் அங்கேயே சொன்னாள். ஆறு, பாம்பு, பச்சிலை, எச்சில், எல்லாம். கூட்டம் கூச்சல் போட்டது. அதிகாரி மைக்கைப் பிடித்து, "இந்தம்மா ஏற்கெனவே போலி ஆதாரம் காட்டினவங்க" என்று ஆரம்பித்தார்.

அப்போது விளக்கு மறுபடி அணைந்தது. அணைத்தவன் ஸ்ரீவர்தன். திரையில் எழுத்தில்லாமல், கீறல் நிறைந்த, துடைக்காத ஒரு துண்டுப் படம் ஓடத் தொடங்கியது.

ஆற்றங்கரை. காத்தான் ஒரு பாம்பைப் பிடித்துத் தூக்குகிறான். வேட்டியும் குடுமியும் திருமண்ணுமாக ஒருவர் கையை ஆட்டிக்கொண்டே படத்துக்குள் வருகிறார், இப்படித் தூக்கு என்று காட்டுகிறார். பாம்பு நழுவி அவர் கணுக்காலில் ஒரு போடு போடுகிறது. அவர் மணலில் விழுந்து புரள்கிறார். அந்தக் காலத்துக் கேமராவைக் கையால் சுற்றவேண்டும். சுற்றினவன் சுற்றிக்கொண்டே இருந்திருக்கிறான், பழக்கம் கையை விடவில்லை. காத்தான் பாம்பைக் கழுத்தோடு பிடித்து அவரிடம் காட்டி ஏதோ சொல்கிறான், சிரிக்கிறான். அவர் தலையை ஆட்டி ஆட்டி வாயைப் பிளந்து காட்டுகிறார். ஒரு பெண் உட்கார்ந்து எதையோ மெல்லுகிறாள். கொடுக்கத் தயங்குகிறாள். திருமண் போட்டவர் இரண்டு கையாலும் அவள் கையைப் பிடித்து இழுத்து, தானே வாயில் வைத்துக்கொள்கிறார்.

"தாத்தன் பாம்பு காட்டறானே, அங்க திருப்பி நிறுத்துபா" என்றாள் பச்சையம்மாள். காத்தான் பாம்பைத் தூக்கிக் காட்டிய இடத்துக்குத் திருப்பி, ஸ்ரீவர்தன் நிறுத்தினான். அவள் திரைக்குக் கிட்டே போய் அதன்மேல் விரல் வைத்தாள். "சார், பாம்பு புடிச்சாந்து காட்டுன்னியே, தோ காட்டறேன், பாத்துக்கோ. மேல பூரா கட்டம் கட்டமா இருக்குது, லுங்கி மாதிரி. இது தண்ணிப் பாம்பு. வெசமே கெடையாது. கடிச்சா ரத்தம் வரும், அவ்ளோதான். எங்க தாத்தன் அதத்தான் சொல்றான், ஒண்ணும் ஆவாது சாமின்னு. சாமி கேக்கல. சாவுறேன், மருந்து குடுன்னு கத்தினாரு. தைரியத்துக்கு ஒரு எலைய மென்னு குடுத்தாங்க. இன்னா எலை தெரியுமா? கரையில இருந்த தொளசி."

முதலில் சிரித்தது ஆர்மோனியக்காரர். அடக்கப் பார்த்து முடியாமல் பெட்டியின்மேல் கவிழ்ந்துவிட்டார். பிறகு மண்டபமே சிரித்தது. பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பார்கள், தண்ணீர்ப் பாம்புக்கு நடுங்கின ஒரே படை இதுதான். ஒரு தண்ணீர்ப் பாம்புக்காக, ஒரு துளசி இலைக்காக, பெருமாள் முன்னால் ஒரு பொய்ச் சத்தியம். அந்தச் சத்தியம் எழுபத்து நாலு வருஷம் கழித்து ஒரு பெண்ணின் படிப்பின்மேல் வந்து விழுந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

பாச்சா நாற்காலியில் உட்கார்ந்து மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். "அப்பாவுக்குக் கோயில்லே துளசி கொடுத்தா கை நடுங்கும். வயசுன்னு நெனைச்சோம்" என்று யாரிடமோ சொன்னார். யாரும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை.

பேப்பர்க்காரர் ஒருவர் மேடைக்குப் போய், "சார், இந்தம்மாவுக்குச் சர்ட்டிபிகேட் மறுத்தது நீங்களா?" என்று கேட்டார். அதிகாரிக்கு மாலையைக் கழற்றும் ஞாபகமே வரவில்லை. "விசாரணையில இருக்குது" என்று சொல்லிக்கொண்டே படியிறங்கினார்.

புதன்கிழமை கையெழுத்து ஆனது. நீதிக்காக அல்ல, வியாழக்கிழமைப் பேப்பருக்குப் பயந்து. எப்படியோ ஆனது. நாலாம் தேதி சங்கீதாவுக்குச் சீட்டும் கிடைத்தது. இப்போது திருவள்ளூர்ப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறது. ஸ்ரீவர்தன் முதல் அட்டையை மாற்றினான். துண்டுப் படத்தையும் சேர்த்தான். இப்போது அதில் 'திருமுக்கூடல் இருளர் காத்தான், அவர் அக்கா பொட்டம்மா' என்று இருக்கிறது. அப்பாவும் பிள்ளையும் ஒரே வீட்டில் பேசாமல் இருக்கிறார்கள் என்று கேள்வி.

சொல்லவேண்டியது ஒன்று பாக்கி இருக்கிறது. சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் இத்தனை நாள் இருந்தேன்.

சான்றிதழ் வாங்கிய அன்று பச்சையம்மாள் நேராக என் மேஜைக்கு வந்தாள். நன்றி சொல்ல வருகிறாள் என்று நினைத்து நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவள் எதிர்க்கடைக்குப் போய், தன் காசில், ஒரு டீ வாங்கி வந்தாள். கண்ணாடி கிளாஸில். கடைக்காரர் எப்படிக் கொடுத்தாரோ, பேப்பரில் படம் வந்துவிட்டதே, கொடுத்திருப்பார். என் எதிரே நின்று ஒரு வாய் குடித்தாள். பிறகு கிளாஸை என் தட்டச்சு மெஷினுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"குடி மொதலியாரே."

மரத்தடியில் நாலு பேர் இருந்தார்கள். எங்கள் தெருக்காரர் நமச்சிவாயமும் இருந்தார். நான் கிளாஸைப் பார்த்தேன். "இப்பத்தான்மா குடிச்சேன்" என்றேன்.

அவள் சிரித்தாள், திரையில் காத்தான் சிரித்த மாதிரியே. "பாம்பு கூட கடிக்கல உன்ன. அப்பவும் பயம்" என்று சொல்லிவிட்டு, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போனாள். அதற்குப் பிறகு என்னிடம் மனு எழுத அவள் வரவில்லை.

டீயில் ஏடு கட்டியது. சாப்பாட்டு நேரம் வந்து, நாலு பேரும் கலைந்து, நமச்சிவாயமும் சைக்கிளில் ஏறித் தெரு திரும்பின பிறகு, நான் அந்த டீயைக் குடித்தேன். ஒரு சொட்டு விடாமல் குடித்தேன். குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டேன். அன்றைக்கு யாராவது வந்து, அவள் வைத்த டீயைக் குடித்தாயா என்று கேட்டிருந்தால், இல்லை என்று சத்தியம் செய்திருப்பேன்.